திரிலோக்புரியில் விட்டுப்போன துண்டு

லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள், காலி செய்ய வேண்டும் என்று தெரிந்தபோது, வீட்டைவிடப் பள்ளிக்கூடத்தை நினைத்துத்தான் எனக்குக் கவலை வந்தது. திருமணமாகி டெல்லிக்கு வந்த நாளிலிருந்து அங்கேயே இருந்தோம். கணவருக்கு மத்திய அரசில் வேலை. நான் அதே பகுதியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. குக்கரை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினாலும் முதல் மணி அடிப்பதற்குள் நடந்தே போய்ச் சேர்ந்துவிடுவேன். அந்த நடை போயிற்று. யமுனைக்குக் கிழக்கே ஐ.பி. எக்ஸ்டென்ஷனில் ஒரு சொசைட்டி ஃபிளாட்டுக்குக் குடிபோனோம். பள்ளி மட்டும் பழைய இடத்திலேயே நின்றது.

டெல்லியில் ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்துக்குப் போவதானாலும் நடு ஊருக்குள் போய்த்தான் திரும்ப வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிழக்கேயிருந்து தெற்கே போக வேண்டிய நான், ஆற்றைத் தாண்டி ராஜீவ் சௌக்கில் இறங்குவேன். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த நெரிசலில் படியேறி இறங்கி வேறு ரயில் பிடிப்பேன். என்னை இடித்துக்கொண்டு போனவர்களில் பாதிப் பேருக்கு ராஜீவ் சௌக்கில் ஒரு வேலையும் இருந்திருக்காது. எல்லாரும் வேறெங்கோ போகிறவர்கள். ஊருக்குப் பக்கவாட்டில் வழி இல்லாததால் அத்தனை பேரும் அதன் வயிற்றுக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தோம்.

சுற்றிவரும் ரயில் டெல்லிக்குப் புதிதும் அல்ல. சரோஜினி நகர் பக்கம் ரிங் ரயில்வேக்கு ஒரு நிலையம் உண்டு. நான் புதிதாக வந்திருந்தபோது கணவர் என்னை அதில் ஒருமுறை வேடிக்கைக்காகக் கூட்டிப்போனார். சரக்கு வண்டிகள் ஊர் நடுவே வராமல் சுற்றிப் போவதற்காகப் போட்ட தடமாம். அதிலேயே பயணிகளுக்கும் சில வண்டிகள் விட்டிருந்தார்கள். எங்கள் பெட்டியில் எங்களைத் தவிர ஒரேயொரு ஆள், காலிஃபிளவர் மூட்டையோடு படுத்திருந்தார். நிலையங்கள் பல இடங்களில் முட்செடிகளுக்குப் பின்னால், பஸ்ஸோ ஆட்டோவோ எட்டிப் பார்க்காத மூலைகளில் இருந்தன. இறங்கினால் ரோட்டுக்குப் போக வழி கேட்க வேண்டும். "வட்டம் மட்டும் போட்டா காணாதுல்லா, மத்ததோட அது சேரணும்" என்று அன்று கணவர் சொன்னார். அவருக்கு எதையும் அலுவலகக் குறிப்பு மாதிரி சொல்லித்தான் பழக்கம்.

பிறகு பிங்க் லைன் வந்தது. மற்ற மெட்ரோ தடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிவரும் தடம். ஐ.பி. எக்ஸ்டென்ஷனில் என் வீட்டுக்குப் பக்கத்தில் ஏறினால் நேராகப் பள்ளிக்குப் பக்கத்திலிருக்கும் சரோஜினி நகர். ராஜீவ் சௌக்கே வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் நான் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன்.

ஆனால் தடம் முழுதாக வரவில்லை. கிழக்கேயிருந்து வரும் ரயில் திரிலோக்புரியோடு நின்றுவிடும். தெற்கேயிருந்து வரும் ரயில் மயூர் விஹார் பாக்கெட் ஒன்னோடு நின்றுவிடும். இரண்டும் அடுத்தடுத்த நிலையங்கள். நடுவில் ஒரு சின்னத் துண்டு மட்டும் விட்டுப்போயிருந்தது. திரிலோக்புரி நடைமேடையின் கோடியில் நின்று பார்த்தால் பாலம் அந்தரத்தில் முடிவது தெரியும். இரும்புக் கம்பிகள் வெட்டவெளியில் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கப்பால் வீடுகள், தண்ணீர்த் தொட்டிகள், காயப்போட்ட துணி. நில விவகாரம், மாற்று இடம் கொடுக்க வேண்டும், பேச்சு நடக்கிறது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

ஆகவே தினமும் காலையில் திரிலோக்புரியில் இறங்குவோம். கீழே ஈ-ரிக்‌ஷாக்காரர்கள் "பாக்கெட் ஒன், பாக்கெட் ஒன்" என்று கூவுவார்கள். பின்னால் நான்கு பேர், டிரைவர் பக்கத்தில் ஒருவர் என்று அடைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிப் போய், மறுபடி படியேறி, மறுபடி பையைச் சோதனைக்குக் கொடுத்து, அடுத்த ரயில்.

அப்படி ஒருநாள் தெரு அடைத்துக்கொண்டது. முன்னால் ஒரு தண்ணீர் டேங்கர் குறுக்கே நின்றிருந்தது. நான் இறங்கி, பக்கத்துச் சந்து வழியாக நடக்கத் தொடங்கினேன். யாரோ ஒரு பெண் தமிழில் நாயைத் திட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

"எட்டப் போ சனியனே, இட்லி ஒனக்கு எதுக்கு? நேத்து ரொட்டி போட்டா மோந்து பாத்துட்டுப் போற!"

நீலப் பிளாஸ்டிக் படுதாவுக்குக் கீழே ஒரு மேஜை, ஸ்டவ், இட்லிப் பானை. பின்னால் ஒற்றைக் கதவு வைத்த செங்கல் வீடு. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக ஒரு பெண் கையில் கரண்டியோடு நின்றிருந்தாள்.

"தமிழா நீங்க?" என்று கேட்டேன்.

"நாய்கிட்ட வேற பாஷையில பேசினா கேக்க மாட்டேங்குது" என்றாள். பிறகு சிரித்தாள். "வாங்க, உக்காருங்க. எந்த ஊரு?"

"திருநெல்வேலிப் பக்கம். நீங்க?"

"கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்துல. வந்து ரொம்ப வருசம் ஆச்சு. வூட்டுக்காரரு கொத்து வேல. நான் முன்னாடி நாலு வூட்டுல பாத்திரம் தேச்சிகினு இருந்தேன். இப்ப இதான்." ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்து நீட்டினாள். "சாப்புட்டுப் பாருங்க. ரயிலு எங்கயும் போயிடாது."

அன்றிலிருந்து நான் ரிக்‌ஷா ஏறுவதை விட்டேன். சந்து வழியே நடந்து, அக்கா கடையில் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு, பாக்கெட் ஒன்னில் ரயில் ஏறுவேன். நான் அவளை அக்கா என்றேன். அவள் என்னை டீச்சர் என்றாள். அந்தத் துண்டுப் பாதை இல்லாததால்தான் அவளுடைய கடைக்குக் கூட்டம் வந்தது. முன்பு கட்டட வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் சாப்பிட்டார்கள். இப்போது லேப்டாப் பையைத் தோளில் மாட்டிய பெண்கள், நொய்டாவிலிருந்து வரும் பையன்கள், கோட்டுப் போட்ட குமாஸ்தாக்கள். எல்லாரிடமும் அவள் இந்தியிலேயே வியாபாரம் செய்தாள். கணக்குச் சொல்லும்போது மட்டும் மனசுக்குள் தமிழில் கூட்டி, வெளியே இந்தியில் சொல்வாள். உதடு அசைவதில் தெரியும்.

அந்தக் கோட்டுக்காரர்களில் ஒருவர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை செய்பவர். தினமும் வருவார், நான்கு இட்லி சாப்பிடுவார், மெட்ரோவைத் திட்டுவார். ஒருநாள் மழை. சந்தில் சேறு. அவருடைய பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு இந்தியில் பொரிந்தார்.

"ஒரு நாலு வீடு. நாலே நாலு வீடு நடுவுல நிக்குது. அதுக்காக லட்சம் பேர் இந்தச் சேத்துல இறங்கி நடக்கணுமா? அப்புறப்படுத்திட்டு வேலையப் பாக்க வேண்டியதுதானே!"

நானே ஸ்டாஃப் ரூமில் ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறேன். அதனால் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அவருடைய தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அண்ணே, அந்த நாலு வீட்டுல ஒண்ணு இதுதான்" என்று இந்தியிலேயே சொல்லி, கரண்டியால் பின்னாலிருந்த கதவைக் காட்டினாள். "சட்னி போதுமா, இன்னும் வேணுமா?"

அவர் கதவைப் பார்த்தார். திறந்திருந்த கதவுக்குள் ஒரு கட்டில், சுவரில் மாட்டிய முருகன் காலண்டர், மூலையில் மாவு அரைக்கும் கிரைண்டர். "போதும்" என்றார்.

"ரயில் வரக் கூடாதுன்னு நாங்க சொல்லல, அண்ணே. வரட்டும். நான் எங்க போயி ஒல வைக்கறதுன்னு யாராச்சும் சொல்லிட்டா, நானே சாமானத் தூக்கிக் குடுப்பேன். எங்க வூட்டுக்காரரு இந்த ஊருல எத்தினி தூணு கட்டியிருக்காரு தெரியுமா?"

அவர் மிச்ச இட்லியைத் தின்றுவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார், அதே நான்கு இட்லி. மெட்ரோவைப் பற்றி மட்டும் அந்தக் கடையில் பிறகு பேசவில்லை.

எனக்கு அன்று பள்ளியில் மனம் ஓடவில்லை. வரைபடத்தில் பார்த்தால் அந்த இடம் இரண்டு கோடுகளுக்கு நடுவே விட்ட வெள்ளை. பென்சிலால் ஓர் இழுப்பு இழுத்தால் தீர்ந்துவிடும். அந்த இழுப்பின் கீழே கட்டிலும் கிரைண்டரும் இருந்தன. அதற்காகக் கோடே வேண்டாம் என்றும் என்னால் நினைக்க முடியவில்லை. சரோஜினி நகரில் என்னோடு இறங்கும் ஒரு செவிலிப் பெண் சீமாபுரியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஊன்றுகோலோடு அந்தச் சந்து வழியே நடக்கும் ஒருவரைத் தினமும் பார்த்தேன். அவர்களுக்கும் அந்தத் துண்டு வேண்டியிருந்தது. யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடும் ஆள் இல்லை நான். இன்றும் இல்லை.

அக்காவுக்குத் தங்கை ஒருத்தி இருப்பது எனக்குத் தெரியவந்தது ஒரு பொங்கல் சமயத்தில். வெல்லம் வேண்டுமா, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நல்லதாக வாங்கி வருகிறேன் என்று கேட்டேன்.

"யாருக்குப் பொங்கறது? நானும் அவரும்தான். கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்கா, நாரைனா பக்கம் இந்தர்புரியில. ரெண்டு பேரும் ஒரே ரயில்லதான் இந்த ஊருக்கு வந்தோம்."

"நாரைனாவா? இந்த பிங்க் லைன் நேரா அங்கனதானே போகுது. பாக்கெட் ஒன்னுல ஏறினா மாறவே வேண்டாம்லா அக்கா."

"தெரியும் டீச்சர்." அடுப்பைக் குறைத்தாள். "ரயிலு போவுது. நான்தான் போவல."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தங்கையின் பெண், வீட்டுக்குப் பக்கத்தில் டெம்போ ஓட்டும் ஒரு பீகார் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். தங்கை சம்மதித்துவிட்டாள். அக்காவுக்குச் சம்மதமில்லை. "நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவங்க வூட்டு ஆளுங்ககிட்ட என்னா பாஷையில பேசுவ?" என்று தங்கையிடம் கேட்டாள். கல்யாணத்துக்குப் போகவில்லை. தங்கை போனில் அழுதாள், பிறகு கோபித்தாள், பிறகு போன் செய்வதை நிறுத்திவிட்டாள். அதற்குள் அந்தப் பெண்ணுக்குக் குழந்தைகூடப் பிறந்துவிட்டது.

"நீங்க நாள் பூரா இந்திக்காரங்களுக்குத்தானே சாப்பாடு போடுதீங்க?" என்றேன்.

"அது வியாபாரம். இது பொண்ணு" என்றாள்.

அந்த மார்ச்சில் கொரோனா வந்தது. ரயில்கள் நின்றன. பள்ளி போன் திரைக்குள் போனது. நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். பாதிப் பிள்ளைகளின் முகமே தெரியாது. நடுவில் ஒருநாள் அக்காவைப் போனில் கூப்பிட்டேன். கடை மூடிவிட்டது, வீட்டுக்காரருக்கு வேலை இல்லை, குருத்வாராவில் சாப்பாடு தருகிறார்கள், போய் வாங்கிக்கொள்கிறோம் என்றாள். குரலில் அழுகை இல்லை. "நாயிதான் பாவம் டீச்சர். தெருவுல ஆளே இல்லாம பயந்து போச்சு. இப்ப இட்லி குடுத்தா திங்கிது" என்றாள்.

ஊரடங்கு தளர்ந்து சில மாதங்கள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"டீச்சர், வூட்டக் காலி பண்ணிட்டோம்."

"ஐயோ, எப்பம்?"

"முந்தா நாளு. இடத்துக்குப் பேசி முடிச்சிட்டாங்க. எங்களுக்கு இப்போ மண்டாவலியில நாலாவது மாடி. ஒரு ரூமு, ஒரு கிச்சன். கொழாயில தண்ணி வருது, அத சொல்லணும். யாரு சாமான் ஏத்தினாங்க தெரியுமா?"

சொன்னாள். அவளுடைய வீட்டுக்காரர் அவளுக்குத் தெரியாமல் தங்கைக்குப் போன் செய்திருக்கிறார். மறுநாள் விடியும்போது சந்து முனையில் டெம்போ நின்றது. முன்னால் தங்கை உட்கார்ந்திருந்தாள். ஓட்டிக்கொண்டு வந்தவன் அந்தப் பீகார் மருமகன்.

"அவ எறங்கினதும் என்னப் பாத்து என்னா கேட்டா தெரியுமா? 'பழைய துணியெல்லாம் கட்டி வெச்சிட்டியா'ன்னு. அவ்ளோதான். நேத்து பாத்துட்டுப் போனவ மாதிரி. நான் என்னா சொல்லுவேன்? 'கட்டல'ன்னேன். ரெண்டு பேரும் உக்காந்து கட்டினோம்."

மருமகன் கட்டிலைப் பிரித்து ஏற்றினான். கிரைண்டரைத் தோளில் சுமந்து மண்டாவலியில் நான்கு மாடியும் ஏறினான். மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "மௌஸி, இதை எங்க வைக்கட்டும்?" என்று கேட்டிருக்கிறான். மௌஸி என்றால் இந்தியில் பெரியம்மா.

"நாள் பூரா இந்தியில பேசற வாயி, டீச்சர். அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்த வரல எனக்கு. வெரலால மூலையக் காட்டினேன். தண்ணி கொண்டாந்து குடுத்தேன். குடிச்சிட்டு, இன்னொரு சொம்பு குடுங்கன்னான். அப்புறம்தான் பேச்சு வந்துச்சு."

வீடுகள் போன பிறகு பாலத்தின் வேலை வேகமாக நடந்தது. அடுத்த மழைக்காலத்தில் துண்டு இணைந்தது. திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் வேலை எதுவும் இல்லாமலே அதில் போனோம். எங்களைப் போல வந்தவர்கள் நிறையப் பேர். எல்லார் கையிலும் போன், ஜன்னலைப் பார்த்துப் பிடித்தபடி. திரிலோக்புரியில் "இறங்குங்கள்" என்ற அறிவிப்பு வரவில்லை. கதவு மூடியது, வண்டி நகர்ந்தது. நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே தேடினேன். நீலப் படுதா இல்லை, சந்தும் எதுவென்று தெரியவில்லை. தட்டிச் சமன் செய்த மண்ணும் ஒரு வேப்பமரமும் தெரிந்தன. அதற்குள் பாக்கெட் ஒன் வந்துவிட்டது.

"இம்புட்டுத்தானா?" என்றார் கணவர். "இதுக்கா இத்தன வருசம்?"

"இம்புட்டுத்தான்" என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு அக்காவின் ஒற்றைக் கதவும் நினைவில் நின்றது. இரண்டும் சேர்ந்தே இருந்தன, ஒன்றை ஒன்று தள்ளவில்லை.

பள்ளிகள் திறந்தன. இப்போது ஏறிய இடத்தில் உட்கார்ந்தால் சரோஜினி நகர் வரை எழுந்திருக்க வேண்டாம். பரீட்சைத் தாள்களை ரயிலிலேயே திருத்தினேன். சீமாபுரி செவிலிப் பெண் கண்ணை மூடி ஒரு தூக்கம் போட்டுவிடுவாள். ஊன்றுகோல்காரர் ஜன்னலோரமாக உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். அக்காவிடம் மட்டும் எப்போதாவது போன் பேச்சு. நாலாவது மாடியில் இட்லி போட்டால் யார் ஏறி வந்து வாங்குவார்கள் என்று அலுத்துக்கொண்டாள். கீழே தெருவில் மேஜை போட இடம் இல்லை, ஏற்கெனவே மோமோக்காரரும், கொண்டைக்கடலை மசாலாவோடு ரொட்டி விற்கும் சோலே குல்சேக்காரரும் இருக்கிறார்கள் என்றாள்.

எங்கள் சொசைட்டி ஐ.பி. எக்ஸ்டென்ஷன், மண்டாவலி இரண்டு நிலையங்களுக்கும் நடுவில் இருக்கிறது. ஒருநாள் காலை மண்டாவலியில் ஏறப் போனேன். பைகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரத்தின் முன்னால் வரிசை நின்றுபோயிருந்தது. பெல்ட்டை நிறுத்திவிட்டுக் காவலர் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் வட்டம் வட்டமாக, வரிசை வரிசையாக, ஏதோ அடுக்கியிருந்தது.

"யே க்யா ஹை?"

"இட்லி" என்றது எனக்குத் தெரிந்த குரல்.

"இத்தனையா?"

பெண்களைச் சோதிக்கும் திரைக்குப் பின்னாலிருந்து ஓர் இளம் பெண் காவலர் தலையை நீட்டினாள். "அக்கா, தமிழா? எங்க, தொறங்க பாப்போம்." அக்கா திறந்தாள். ஆவி எழுந்தது. துணி விரித்த அகலமான எவர்சில்வர் டப்பாவில் பூப்போல இட்லிகள். அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். "நான் சிவகங்கை" என்றாள், யாரும் கேட்காமலே.

"சோதன பண்ணணும்னா ஒண்ணு எடுத்துத் தின்னு பாரு கண்ணு" என்றாள் அக்கா.

"டியூட்டியில திங்கக் கூடாதுக்கா."

"அப்ப கைப்பிள்ள மாதிரி பாத்துகினு நிக்காத. ஜல்தி விடு, ஆறிப்போவுது."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முறைத்துக்கொண்டிருந்த ஆண் காவலரும் சிரித்துவிட்டார். அக்கா திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தாள். "டீச்சர்!" என்று ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மறு கை டப்பாவை விடவில்லை.

ரயிலில் சேர்ந்து உட்கார்ந்தோம். நாரைனா தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் அவளும் தங்கையும் கடை போட்டிருக்கிறார்களாம். தங்கை வீட்டில் கிரைண்டருக்கு இடம் இல்லை, ஆகவே மாவும் இட்லியும் அக்கா. சாம்பாரும் சட்னியும் தங்கை. மருமகன் முதல் சவாரிக்கு முன் மேஜையை இறக்கிப் போட்டுவிட்டுப் போவான். ஃபாக்டரி ஆட்கள் ஷிப்ட் மாறும்போது வந்து நிற்பார்கள்.

"அங்க மாறணும் இங்க மாறணும்னா இந்த டப்பாவத் தூக்கிகினு ஆவாது டீச்சர். இங்க வெச்சா அங்க எறக்கறது. அதான் முடிஞ்சுது."

வண்டி திரிலோக்புரியை விட்டுக் கிளம்பியது. நான் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. தங்கை சாம்பாரில் வெல்லம் போடுகிறாள், இதென்ன கூத்து என்று குறைசொல்லிக்கொண்டிருந்தாள். கீழே அந்த மண் நிலம் வந்து போயிற்று.

"என்னா டீச்சர், என் மூஞ்சியவே பாக்கறீங்க?"

"இல்ல... கீழ பாக்க மாட்டீங்களான்னு..."

புரிந்துகொண்டாள். டப்பாவின் மேல் கட்டிய துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"மொத நாளு பாத்தேன். தங்கச்சியும் கூட இருந்தா. ரெண்டு பேரும் நல்லா அழுதோம், பக்கத்துல இருந்தவங்க எழுந்து எடம் குடுக்கற அளவுக்கு. அவ்ளோதான். தெனமும் பாத்துகினு இருந்தா பொழப்பு நடக்குமா?"

சரோஜினி நகரில் நான் இறங்கினேன். அவள் உட்கார்ந்தபடியே கையசைத்தாள். கதவு மூடியது.

அந்தக் கடைக்கு நான் ஒரு விடுமுறை நாளில் போயிருக்கிறேன். என் நிலையம் தாண்டியும் இறங்காமல் உட்கார்ந்திருப்பதே புதிதாக இருந்தது. நாரைனா விஹாரில் இறங்கி ரிக்‌ஷா பிடித்துப் போனேன். அக்காவை விடத் தங்கை உயரம், வாய் இன்னும் பெரிது. என் முன்னாலேயே இருவரும் உப்பைப் பற்றிச் சண்டை போட்டார்கள். கிரீஸ் கறை படிந்த கையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த தொழிலாளிகள் அதைக் கேட்டுப் பழகியிருந்தார்கள். ஒருவன் "இன்னைக்குப் பெரியம்மா ஜெயிப்பாங்க" என்று இந்தியில் பந்தயம் கட்டினான்.

போன மாதம் தங்கையின் பேத்திக்கு மண்டாவலி வீட்டில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடி என்று ஒன்று வேண்டும். மருமகன் வீட்டில் அந்த வழக்கம் தெரியாது. அக்கா எல்லாவற்றையும் இந்தியில் விளக்கினாள். இந்தர்புரியிலிருந்து ஒரு பட்டாளமே ரயிலேறி வந்து இறங்கியிருந்தது. நானும் கணவரும் நான்கு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மருமகன் எங்களுக்குப் பாயசம் கொண்டுவந்தான். கணவர் வழக்கம்போல ரயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வட்டத்தின் வடக்குப் பக்கத்தையும் ஆற்றுக்கு மேலாக இணைக்கப் போட்ட திட்டத்தை அவனுக்கு விரலால் பாயில் வரைந்து காட்டினார்.

"என் அண்ணன் புராடியில இருக்கான், அங்கிள்" என்றான் அவன். "அந்தப் பக்கம்தான். இன்னைக்கு அவன் இங்க வர மூணு வண்டி மாற வேண்டியதாப் போச்சு. அதோ, இப்பத்தான் வர்றான்."

வாசலில் ஓர் ஆள் வியர்த்துப்போய்ச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். கையில் குழந்தைக்கு வாங்கிய பெரிய கரடி பொம்மை. அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அச்சா, இவன்தான் பெரியவனா? மூணு வண்டி மாறி வந்திருக்குது புள்ள, முதல்ல எல போடுங்க" என்று தமிழில் சத்தம் போட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான். அவள் உட்காரச் சொல்லிப் பலகையை நகர்த்திக் காட்டினாள். அவன் கரடி பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.